நெடுங்கேணிக் காணியில புத்து தோண்டிக் கிடக்கு: கரடியோ, அழுங்கோ?

வளவுக்காரன்

வணக்கம். யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு கிழமைக்கு ஒருக்காப் போய்ப் பாக்கிற காணி. வன்னியில நெடுங்கேணிப் பக்கம், 4 ஏக்கர். முன்பக்கம் தென்னை, பின்பக்கம் மரமுந்திரிகை. பின்வேலிக்கு அங்கால ஒரு வண்டில் பாதை, அதைத் தாண்டினால் காடு.

சித்திரை மழைக்குப் பிறகு மரமுந்திரிகைப் பக்கம் நிண்ட கறையான் புத்துகளில மூண்டு தோண்டுப்பட்டிருக்கு. ஒண்டை அளந்தது: ஆழம் இரண்டரை அடி, வாய் ஒண்டரை அடி. அள்ளின மண் முழுக்க ஒரு பக்கமாக் குவிஞ்சு கிடக்கு. புத்து இடிஞ்சு விழேல்லை, அடியில பக்கவாட்டாத் துளை போகுது. காவலுக்கு நிக்கிற ஐயா கரடி எண்டுறார். பக்கத்துக் காணிக்காரர் பண்டி எண்டுறார். வேலைக்கு வாற பெடியள் அழுங்கு (செதில் போர்த்த எறும்புதின்னி) எண்டுகினம்.

எது எண்டு எப்பிடி உறுதிப்படுத்திறது? கரடியெண்டால் மிச்சப் புத்துகளை இடிச்சுவிடலாமோ? வேலைக்காரர் காலமை ஆறு மணிக்கே இறங்குவினம், அவைக்கு என்ன சொல்லிவைக்க வேணும்? பின்பக்கத்தில 18 அடிக் கிணறு ஒண்டு கட்டில்லாமல் கிடக்கு, அஞ்சு தேனீப் பெட்டியும் இருக்கு. அதுகளுக்கும் ஏதும் செய்ய வேணுமோ?

---

தடம்பாக்கி

நீங்கள் சொன்ன அளவுக்குக் கரடிதான் முதல் சந்தேகம். ஆனா துளையை மட்டும் பாத்து முடிவெடுக்காதேங்கோ, மூண்டு அடையாளமாவது ஒத்துவர வேணும்.

அழுங்கு தோண்டினால் வாய் வட்டமா, ஒடுக்கமா, தன்ர உடம்பு நுழையிற அளவிலதான் இருக்கும். ஈரமண்ணெண்டால் வால் இழுபட்ட கோடும் பக்கத்தில கிடைக்கும். பண்டி மூஞ்சியால உழுகிற சாதி. கிழங்கும் புழுவும் தேடி அகலமாக் கிண்டும், ஆழம் போகாது. ஒரு புத்தின்ர வயித்தைக் குறிவைச்சு இரண்டரை அடி இறங்கிற பொறுமை அதுக்கு இல்லை. முள்ளம்பண்டியெண்டால் வேர் கடிபட்டிருக்கும், எங்கையாவது ஒரு முள்ளும் விழுந்து கிடக்கும்.

இனித் துளைக்குள்ள பாருங்கோ. ரோச் லைற்றை நேர பிடிக்காமல் சுவரோட சரிச்சுப் பிடிச்சால் கீறல் நிழல் விழுந்து தெளிவாத் தெரியும். கரடியெண்டால் மூண்டு நாலு கீறல் சமாந்தரமா, விரல் தடிப்பில, மேலயிருந்து கீழ இழுபட்டிருக்கும். அதின்ர முன்கால் நகம் 6 முதல் 8 செ.மீ. வரை நீளம், சிறுத்தை மாதிரி உள்ளுக்கு இழுக்க ஏலாது. அடுத்தது துளையின்ர அடி. அது துடைச்சு வழிச்ச மாதிரித் துப்புரவா இருக்கும். ஏனெண்டால் கரடி தோண்டினவுடன தின்னாது. முதல் மூக்கால ஊதித் தூசியைப் போக்கும், பிறகு உதட்டைக் குழாய் மாதிரிக் குவிச்சுக் கறையானை உறிஞ்சும். அதுக்காகவே மேல்தாடையில நடுவெட்டுப் பல் இரண்டும் அதுக்கு இல்லை. மற்றக் கரடிகளுக்கு 42 பல், இதுக்கு 40. மூக்குத்துளையையும் தன் விருப்பத்துக்கு மூடும். இல்லாட்டில் மண்ணெல்லாம் மூக்குக்குள்ளதான்.

காலடி எடுக்கிறதுக்கு ஒரு மண்பட்டி போடுங்கோ. வண்டில் பாதையில இருந்து உங்கட வேலிக்கு ஏதோ ஒரு இடத்தாலதான் நுழையுது. அந்த இடத்தில ஒரு மீற்றர் அகலம், இரண்டு மீற்றர் நீளத்துக்குப் புல்லைச் செதுக்கி, அரிச்ச மண்ணை இரண்டு செ.மீ. தடிப்பில பரவி, பின்னேரம் லேசாத் தண்ணி தெளிச்சுப் பலகையால தடவிவிடுங்கோ. காலமை வெயில் ஏறமுதல் பாக்க வேணும். ஈரம் காய்ஞ்சால் விளிம்பு உதிர்ந்து எல்லாத் தடமும் பெரிசாத் தெரியும், நாய்க்காலைச் சிறுத்தையெண்டு சொல்லுற கதையெல்லாம் அப்பிடித்தான் வாறது.

கரடியின்ர பின்கால் தடம் மனிசக்கால் மாதிரிக் குதியோட விழும், கட்டையும் அகலமும். சின்ன விரல் உள்பக்கம் இருக்கும், எங்களுக்கு வெளிப்பக்கம். அதால அதின்ர இடதுகால் தடம் எங்கட வலதுகால் போலத் தெரியும். முன்காலில அஞ்சு விரலும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில நிக்கும், நகம் குத்தின புள்ளி விரலுக்கு நல்லா முன்னால தள்ளி விழும். படம் எடுக்கேக்க பக்கத்தில நெருப்புப்பெட்டி ஒண்டு வைச்சு, செங்குத்தா மேலயிருந்து எடுங்கோ. சரிச்சு எடுத்தால் அளவு பிழைக்கும்.

எச்சம் கிடைச்சால் கையால தொடாமல் தடியால கிளறிப் பாருங்கோ. இப்ப மண்ணும், மினுங்கிற கறையான் எறும்புத் தலைகளுமாக் கிடக்கும். பாலைப்பழம் தொடங்கினால் முழுக்கக் கொட்டைதான்.

கமரா பொறி, அதாவது மிருகம் முன்னால போனால் தானாப் படமெடுக்கிற கமரா, வைக்கிற எண்ணமிருந்தால் முழங்கால் உயரத்தில, பாதையில இருந்து 3 அல்லது 4 மீற்றர் தள்ளி, பாதைக்குச் சரிவாத் திருப்பிக் கட்டுங்கோ. நேர்குறுக்கா வைச்சால் உடம்பின்ர நடுத்துண்டு மட்டும்தான் படத்தில வரும். முன்னால நிக்கிற புல்லை வெட்டாட்டில் சோளகக் (தென்மேற்குக்) காத்துக்கு இரவு முழுக்கப் புல்லைப் படமெடுத்து பற்றறி செத்துப்போகும். உங்கட காணிக்குள்ள வைக்கலாம். காட்டுக்குள்ள கட்டுறதெண்டால் அனுமதி எடுக்க வேணும்.

---

ஒட்டுசுட்டான்வாசி

கரடிதான், சந்தேகமில்லை. மழைக்கு மண் இளகினால் புத்துக்கு வரும். இரண்டு ஆனைவெடி கொளுத்திப் போட்டால் கொஞ்ச நாளைக்குத் தலை காட்டாது. பெக்கோ ஒண்டு பிடிச்சுப் புத்துகளையும் தட்டி மட்டமாக்கிவிடுங்கோ, தின்ன ஒண்டும் இல்லாட்டில் ஏன் வருகுது?

---

பாலைநிழல்

அண்ணை சொன்ன மண் இளகிற விசயம் சரி. மாரியிலயும் சித்திரை மழைக்குப் பிறகும் தோண்டிறது கூட, கோடையில மண் சீமெந்து மாதிரி இறுகினால் பழத்துக்கு மாறும். ஆனா வெடியும் பெக்கோவும் வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன்.

முதல் வெடி. கரடிக்குக் கண் மந்தம், காதும் பெரிசா இல்லை, மூக்கு மட்டும்தான் கூர்மை. இருட்டில அது எந்தப் பத்தைக்குள்ள நிக்குதெண்டு தெரியாமல் வெடியைப் போட்டால் அது ஓடுற திசையை நீங்கள் தீர்மானிக்க ஏலாது. அந்தத் திசையில காவல்கார ஐயாவின்ர கொட்டில் இருந்தால்? தாயெண்டால் இன்னும் மோசம். இந்தச் சாதி குட்டியை முதுகில காவித் திரியும், முதல் ஆறு முதல் ஒன்பது மாதம் வரைக்கும். பிறகும் ஒண்டரை வருசத்துக்கு மேல குட்டி தாயோடதான். முதுகில குட்டி இருக்கிற கரடி வெடிச்சத்தத்துக்கு ஓடலாம், திரும்பியும் பாயலாம். ஆனைவெடி திறந்த வயலில நிக்கிற ஆனைக்குக் குடுக்கிற சாமான். பத்தைக்குள்ள நிக்கிற கரடிக்கு அது பொருந்தாது. வைகாசிக்குப் பிறகு சருகு பத்திற ஆபத்து வேற.

அடுத்தது புத்து. வெளியில தெரியிறது கூரை மாதிரி, கூட்டின்ர பெரும்பகுதி நிலத்துக்குக் கீழ. பெக்கோ மேல்மண்ணைத் தட்டும், அரசி உயிரோட இருந்தால் கறையான் திருப்பிக் கட்டும். இடையில என்ன நடக்கும்? இளகின மண்ணைக் கரடி இன்னும் லேசாத் தோண்டும். அதுக்கு நீங்களே வேலையைக் குறைச்சுக் குடுத்த மாதிரி. கொட்டில், கிணத்தடி, ஆக்கள் நடக்கிற பாதை, இதுகளுக்கு ஒரு 25 மீற்றருக்குள்ள நிக்கிற புத்தை மட்டும் வெட்டி எடுங்கோ. பின்வேலியோட நிக்கிறதுகள் கிடக்கட்டும். அது தின்னுற இடம் உங்களுக்குத் தெரிஞ்ச இடமா இருக்கிறது நல்லது.

எல்லாத்துக்கும் மேல ஒரு விசயம். வஸ்கமுவ தேசிய பூங்காவில கரடிகளுக்குக் கழுத்துப்பட்டி போட்டு ஆராய்ந்ததில பெண்கரடி ஒண்டின்ர நடமாட்டப் பரப்பு சராசரி 2.2 சதுர கிலோமீற்றர், ஆணுக்கு 3.8. கரடி உலகத்தில இது மிகவும் சின்னப் பரப்பு. அப்ப உங்கட புத்தைத் தோண்டினது எங்கையோ தூரத்தில இருந்து வந்து போற மிருகமில்லை. ஒரு மைலுக்குள்ள வருசம் முழுக்க இருக்கிற அயலட்டைதான். துரத்தினாலும் அடுத்த காணிக்குத்தான் போகும், அங்க அவை துரத்த உங்களிட்டைத் திரும்பி வரும், இடையில வெருண்டு வெருண்டு ஆக்களைக் கண்டால் பாயப் பழகியிருக்கும். ஆள் மாறாத அயலெண்டால் அதின்ர நேரத்தையும் வழியையும் படிச்சுக்கொண்டு எங்கட வேலையைத் தள்ளி வைக்கிறதுதான் கெட்டித்தனம்.

இலங்கையில இருக்கிறது தனித் துணையினம். இந்தியக் கரடியைவிட மயிர் கட்டை, நெஞ்சில வெள்ளைப் பிறை சிலதுக்கு இருக்காது. ஆகவே “வெள்ளை இல்லை, அப்ப கரடி இல்லை” எண்டு ஆரும் சொன்னால் நம்பாதேங்கோ. 300 மீற்றருக்குக் கீழ்ப்பட்ட வறண்ட காடுகளில மட்டும்தான் சீவியம், நாட்டின்ர பரப்பில 17 வீதத்துக்கும் குறைவு. எங்கட குடாநாட்டில இல்லை. வன்னிக் காடு, மடு, வில்பத்து, பிறகு கீழ யால பக்கம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில கொல்லுறது, பிடிக்கிறது, உடல்பாகம் வைச்சிருக்கிறது எல்லாம் குற்றம்.

பாலைப்பழ விசயத்தையும் சொல்லிவிடுறன், ஏனெண்டால் இன்னும் ஒரு மாதத்தில அதுதான் பிரச்சினை. ஆனி, ஆடியில பாலையும் வீரையும் பழுத்தால் கரடி பகலிலயும் வெளிக்கிடும், மரத்திலயும் ஏறும். யாழ்ப்பாணத்தில நாங்கள் பேணிக் கணக்கில வாங்கிற பாலைப்பழத்தைப் பொறுக்கிற ஆக்களும் அதே மரத்துக்குக் கீழதான். பாலை எல்லா வருசமும் காய்க்காது. காய்க்காத வருசத்தில கரடி காணி ஓரத்துக்குக் கூட இறங்கும், மரமுந்திரிகைப் பழம் விழுந்து கிடந்தால் விடவே விடாது. கொட்டையைத் திருகி எடுத்துப்போட்டுப் பழத்தை மரத்தடியில எறியிற பழக்கம் எல்லா இடமும் இருக்கு. அதை அண்டண்டைக்கே அள்ளி, காட்டோரத்தில கொட்டாமல், முன்பக்கத்தில இரண்டடிக் கிடங்கு வெட்டி மண் போட்டு மூடுங்கோ. கொப்பை வெட்டி விழுத்திப் பாலைப்பழம் எடுக்கிற ஆக்களையும் ஒருக்காக் கண்டியுங்கோ. பாலை மெல்ல வளருற மரம், வெட்டின கொப்பு அடுத்தமுறைக்கு முளைச்சு வராது.

---

ஒட்டுசுட்டான்வாசி

சரி தம்பி, வெடிக் கதையை விடுகிறன். பெக்கோவுக்குக் காசு மிச்சமெண்டு வளவுக்காரரும் சந்தோசப்படுவார். ஆனா வேலைக்காரருக்கு என்ன சொல்லுறதெண்டு நீர் ஒண்டும் எழுதேல்லை, அதை நான் சொல்லுறன்.

ஆறு மணி கூடாது. ஏழுக்குப் பிறகு இறக்குங்கோ, பின்னேரம் அஞ்சுக்கு முதல் பின்பக்கத்தை விட்டு வெளிக்கிடச் சொல்லுங்கோ. கரடி இரவு தின்னுற மிருகம், விடியப்புறம் திரும்பிப் போற வழியிலதான் ஆக்களோட முட்டுப்படுறது. தனிய ஒருத்தரும் பின்பக்கம் போகக்கூடாது. விறகுக்கும் வெளிக்கும் போறதும் இதுக்குள்ள அடங்கும். காணியில கக்கூஸ் இல்லாட்டில் முதல் செலவு அதுக்குத்தான் செய்ய வேணும்.

பாதையின்ர இரண்டு பக்கமும் 10 மீற்றருக்குக் கீழ்ப்பத்தையை வெட்டுங்கோ, பெரிய மரத்தில கைவைக்க வேண்டாம். கரடி பகலில படுக்கிறது பத்தைக்குள்ள, விழுந்த மரத்தின்ர வேரடியில, குகை இருந்தால் குகைக்குள்ள. பத்தையோட உரசிக்கொண்டு நடந்தால் மூண்டடி தூரத்திலதான் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காணுவியள். கரடிக்கு ஆளைத் தின்னுற எண்ணமே இல்லை. கிட்டத்தில திடீரெண்டு கண்டு வெருளுறதுதான் பெரும்பாலான கடிக்குக் காரணம்.

சோளகம் தொடங்கினால் இன்னும் கவனம். காத்து இலையை அடிக்கிற சத்தத்தில உங்கட காலடிச் சத்தம் அதுக்குக் கேளாது. காத்து உங்கட முகத்துக்கு அடிச்சால் உங்கட மணமும் அதுக்குப் போகாது. தென்மேற்கை பாத்து நடக்கேக்கதான் ஆபத்துக் கூட. அந்தப் பக்கம் போற நேரம் உரத்துக் கதைச்சுக்கொண்டு, தடியால மரத்தில தட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ. போனில பாட்டுப் போடுறது போதாது, காதில வயரைச் செருகிக்கொண்டு நடக்கிறவனை வேலைக்கே எடுக்காதேங்கோ. இந்தியாவில காட்டோரச் சனத்துக்கு மணி கட்டின தடி குடுக்கிறவை, அதைச் செய்யக் காசு பெரிசா இல்லை. ஆறடித் தடி, நுனிக்குக் கொஞ்சம் கீழ மாட்டுமணி.

“ஊஸ்… புஸ்… ஊஸ்” எண்டு துருத்தி ஊதிற மாதிரிச் சத்தம் கேட்டால் நிண்டுகொள்ள வேணும். நூறு மீற்றருக்கும் கேக்கும். அது புத்துக்குள்ள தலையை விட்டு ஊதி உறிஞ்சுது. தன்ர சத்தத்தில உங்கட சத்தம் அதுக்குக் கேக்காது, அதுதான் வில்லங்கம். “என்னெண்டு பாப்பம்” எண்டு கிட்டப் போனவைதான் கடி வாங்கினது. வந்த வழியாலயே திரும்பிப் போக வேணும், சத்தம் போடவும் வேண்டாம்.

கண்டால் ஓட வேண்டாம், அது உங்களை விட வேகம். மரத்திலயும் ஏற வேண்டாம், அது உங்களை விட நல்லா ஏறும். முகத்தை அது நிக்கிற பக்கம் வைச்சுக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கோ. பாய்ஞ்சிட்டுதெண்டால் தடியைக் குறுக்க பிடியுங்கோ. விழுத்தினால் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் பிடரியில கோத்து, முழங்கையை நிலத்தில ஊண்டி, காலைக் கொஞ்சம் அகட்டி வையுங்கோ, புரட்ட ஏலாமல் இருக்கும். அது கடிக்கிறதும் பிறாண்டிறதும் முகத்தையும் தலையையும்தான். மற்ற ஆக்கள் சேர்ந்து கத்திக்கொண்டு வந்தால் விட்டிட்டுப் போகும், அதுக்குத்தான் தனிய போகாதேங்கோ எண்டுறது.

நாயைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. நாய் குலைச்சு வெருட்டிப்போட்டுப் பிறகு உங்கட காலுக்குள்ளதான் ஓடி வரும், பின்னால கரடி.

---

கிணத்தடி

கிணறும் தேனீப் பெட்டியும் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. எனக்குக் கிணறுதான் அவசரம்.

காட்டோரத்தில கட்டில்லாத கிணறு எண்டால் ஆடியில தண்ணி வத்தேக்க ஏதோ ஒண்டு விழும்: பண்டி, மான், கரடி, சில நேரம் ஆள். மூண்டரை அடி உயரத்துக்குக் கல்லுக்கட்டு வையுங்கோ, சுத்திவர நாலடிக்குப் பத்தையில்லாமல் துப்புரவா வைச்சிருங்கோ. காசு இப்ப இல்லாட்டில் பனஞ்சிலாகை போட்டு மூடி, வலைக்கம்பி அடியுங்கோ. தென்னோலை போட்டு மூடுறது கூடாது, அது பொறி மாதிரி. மிருகம் நிலமெண்டு நினைச்சு மிதிக்கும்.

கரடி விழுந்திட்டுதெண்டால் செய்ய வேண்டியது: முதல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992. அவை வர நேரம் எடுக்கும், அதுக்குள்ள அது நீந்திக் களைச்சுப் போகும், ஆகவே மிதக்கிற கட்டை ஒண்டைக் கயித்தில கட்டி மெல்ல இறக்குங்கோ, பிடிச்சுக்கொண்டு நிக்கும். பிறகு ஏறுறதுக்கு வழி. சாணளவு தடிப்புள்ள மரம் ஒண்டு, கொப்பை முழுக்கச் சீவாமல் அரையடி விட்டு வெட்டி, அடி கிணத்துத் தரையில ஊண்ட, தலை விளிம்புக்கு மேல மூண்டடி நீட்ட, சரிவா வைச்சு மேல்பக்கத்தைக் கயித்தால மரத்தோட இறுக்கிக் கட்டுங்கோ. கட்டாட்டில் கரடி ஏறேக்க மரம் உருளும், திரும்பி விழும், இரண்டாம் முறை அந்த மரத்தைத் தொடவே தொடாது. இவ்வளவும் செய்திட்டு எல்லாரும் நூறு மீற்றருக்கு அங்கால போக வேணும். லைற்றை அணையுங்கோ. சனம் சுத்தி நிண்டு போன் பிடிச்சுக்கொண்டிருந்தால் விடியும்வரைக்கும் ஏறாது, ஏறினாலும் வாற வழியில நிக்கிற ஆளைத்தான் பிடிக்கும். 2018இல கிளிநொச்சி அம்பாள்குளத்தில சனம் சிறுத்தையை அடிச்சுச் சாகடிச்சது மறந்திருக்காது. சனம் கூடிச்செண்டால் மிருகத்துக்கும் வழியில்லை, சனத்துக்கும் காயம்.

தேனீப் பெட்டி: காட்டோரத்தில இருந்து முன்பக்கம் தென்னைக்குள்ள மாத்துங்கோ. ஒரேயடியா இருபது முப்பது மீற்றர் நகர்த்தினால் வெளியில போன தேனீ பழைய இடத்துக்கே திரும்பி அழியும், ஆகவே நாளுக்கு இரண்டடி இரண்டடியா நகர்த்துங்கோ. இல்லாட்டில் ஒருக்காத் தூக்கி ஐஞ்சு கிலோமீற்றருக்கு அங்கால மூண்டு கிழமை வைச்சிட்டுப் புது இடத்துக்குக் கொண்டுவாருங்கோ.

மாத்த ஏலாட்டில் சுத்தி மின்வேலி. ஆனைவேலி கரடிக்குப் பொருந்தாது, கீழ்க்கம்பி உயரத்தில இருக்கும், கரடி அதுக்குக் கீழால புகுந்து போகும். அஞ்சு கம்பி, முதல் கம்பி நிலத்தில இருந்து 20 செ.மீ., பிறகு 20 செ.மீ. இடைவெளி. துடிப்பு மின்னைக் குடுக்கிற வேலிப்பெட்டி, 12 வோல்ற் பற்றறி, சின்ன சூரியத் தகடு. வேலியின்ர கடைசி மூலையில அளந்தால் 6,000 வோல்ற்றாவது காட்ட வேணும். கோடையில எங்கட மண் காய்ஞ்சால் மின் நிலத்துக்குப் போகாது, கரடி தொட்டாலும் அடிக்காது. அதால இரண்டாம், நாலாம் கம்பியை நிலக்கம்பியோட தொடுத்து விடுங்கோ, ஒண்டும் ஒண்டும் சேர்ந்து பட்டால் மண் காய்ஞ்சாலும் அடிக்கும். கிழமைக்கு ஒருக்காப் புல்லு வெட்ட வேணும், கம்பியில புல் முட்டினால் வலு அதுக்குள்ளயே போய்விடும்.

வீட்டுக் கரண்டில இருந்து 230 வோல்ற்றை நேர கம்பிக்குக் குடுக்கிற வேலையை மட்டும் கனவிலயும் நினைக்காதேங்கோ. அதில சாகிறது கரடியை விட ஆக்கள்தான் கூட.

---

மருந்துப்பெட்டி

மேல எழுதின அண்ணைமார் விட்ட இடத்தைச் சொல்லுறன்: கடிபட்டால் முதல் அரை மணித்தியாலம்.

அம்புலன்ஸுக்கு, 1990க்கு அடிச்சு இடத்தைச் சொல்லுங்கோ. வண்டில் பாதைக்கு அம்புலன்ஸ் வராதெண்டால் எந்தச் சந்தியில நிப்பியள் எண்டதையும் அப்பவே சொல்லுங்கோ. அந்தச் சந்தியின்ர பேரை இண்டைக்கே ஒரு பலகையில எழுதிக் கொட்டிலில தொங்கவிடுங்கோ. பதட்டத்தில சொல்ல வராது.

முகத்தில காயமெண்டால் ஆளை மல்லாக்கப் படுக்க வைக்காதேங்கோ. ரத்தம் தொண்டைக்குள்ள இறங்கி மூச்சடைக்கும், கரடிக்கடியில உடனடியா உயிர் போற வழியில அதுவும் ஒண்டு. இருக்க ஏலுமெண்டால் முன்பக்கம் சரிஞ்சு இருக்கட்டும், மயக்கமெண்டால் ஒருபக்கமாச் சரிச்சு வாயில கிடக்கிற பல், மண், ரத்தக்கட்டியைத் துடைச்சு எடுங்கோ. உச்சந்தலைத் தோல் கிழிஞ்சு தொங்கினால் வெட்டி எறியாமல் இருந்த இடத்திலயே திருப்பி வைச்சு, மடிச்ச சுத்தமான துணியால பத்து நிமிசம் விடாமல் அழுத்துங்கோ. இடையில எடுத்து எடுத்துப் பாத்தால் கட்டின ரத்தம் திரும்ப வழியும். துணி நனைஞ்சால் அதுக்கு மேல இன்னொண்டு. கண்ணில காயமெண்டால் அழுத்தவே கூடாது, கடதாசிக் கோப்பை ஒண்டைக் கண்ணுக்கு மேல கவிழ்த்து ஒட்டிவிடுங்கோ. துண்டுபட்ட தோல், காது ஏதும் இருந்தால் ஈரத்துணியில சுத்திப் பொலித்தீன் பையில போட்டு, அந்தப் பையை ஐஸ் தண்ணிக்குள்ள வையுங்கோ. ஐஸ் நேர படக்கூடாது.

கோப்பித்தூள், மஞ்சள், பச்சிலை ஒண்டும் வேண்டாம். தண்ணி, தேத்தண்ணியும் குடுக்க வேண்டாம், மயக்க ஊசி போட வேண்டிவரும். சின்னக் கீறலெண்டால் சவர்க்காரமும் ஓடுற தண்ணியும், 15 நிமிசம். கீறல் சின்னனெண்டு வீட்டில இருக்காதேங்கோ, ஏற்பு ஊசியும் விசர்நாய்க்கடிக்குப் போடுற ஊசியும் வேணுமோ எண்டு வைத்தியர்தான் முடிவெடுக்க வேணும். கரடியும் பாலூட்டிதான்.

---

வளவுக்காரன்

எல்லாருக்கும் நன்றி. துளைக்குள்ள நாலு கீறல் சமாந்தரமா இருக்கு, ரோச் சரிச்சுப் பிடிச்சவுடன பளிச்செண்டு தெரிஞ்சுது. மண்பட்டியும் போட்டிருக்கு. பெக்கோவை நிப்பாட்டியாச்சு.

இன்னொண்டு. வேலியைச் சுத்திப் பாக்கேக்க பின்மூலையில, நுழையிற வழியெண்டு நினைச்ச அதே இடத்தில, மோட்டச்சைக்கிள் கிளச் வயரில சுருக்குக் கட்டிக் கிடக்கு. பண்டிக்கு வைச்சதெண்டு நினைக்கிறன், ஆர் வைச்சதெண்டு தெரியாது. அவிழ்த்து எறியலாமோ?

---

தடம்பாக்கி

அவிழ்க்க முதல் படம் எடுங்கோ, இடத்தையும் குறியுங்கோ. பிறகு அவிழ்த்து, வயரை அங்க எறியாமல் கையோட கொண்டுவாருங்கோ, எறிஞ்சால் நாளைக்குத் திரும்பக் கட்டுவினம். ஒண்டு இருந்தால் அதே வரிசையில இன்னும் கிடக்கும். பண்டிப்பாதையை மறிச்சுக் கொப்பு வெட்டி வேலிபோல அடுக்கி, இடையில விட்ட ஒவ்வொரு வாசலிலயும் ஒண்டு வைக்கிறதுதான் முறை. ஆகவே வேலியோரம் இரண்டு பேராப் போய், அந்த அடுக்குக் கொப்பு முடியிற வரைக்கும் பாருங்கோ. பக்கத்து மரத்தில கட்டின துவக்கு இருந்தால், அல்லது குறுக்க மெல்லிய நூல் இழுத்திருந்தால் ஒண்டையும் தொடாமல் திரும்பி வந்து பொலிசுக்கும் 1992க்கும் சொல்லுங்கோ. கட்டுத்துவக்கு முழங்கால் உயரத்துக்குத்தான் குறிவைச்சிருப்பினம், உங்கட முழங்காலும் அதே உயரம்.

பண்டிக்கு வைச்ச சுருக்கில கரடி விழுந்தால் பெரும்பாலும் இடுப்பில அல்லது கழுத்தில இறுகும். அப்பிடி ஒண்டைக் கண்டால் 50 மீற்றருக்கு உள்ள போகாதேங்கோ. வயரை வெட்டிவிட்டால் நல்லதுதானே எண்டு தோணும். வெட்டினவுடன அது முதல் பாயிறது வெட்டின ஆளில. அது ஒருபக்கம் இருக்க, வயர் இறுக்கின இடத்தில உள்சதை செத்திருக்கும், வெளியில காயமே தெரியாது. ஓடிப்போய் நாலைஞ்சு நாளில காட்டுக்குள்ள கிடந்து சாகும். மிருக வைத்தியர் மயக்கி, பாத்து, மருந்து குடுத்துத்தான் விட வேணும். அவை வரும்வரைக்கும் நிழல் இல்லாட்டிலும் பரவாயில்லை, சனத்தை மட்டும் தள்ளி வையுங்கோ. பக்கத்தில குட்டி நிண்டால் அதையும் தூக்காதேங்கோ.

மண்பட்டியில தடம் விழுந்தால் நெருப்புப்பெட்டியோட படம் போடுங்கோ, முன்கால் அகலத்தைப் பாத்தால் ஒரு மிருகமோ இரண்டோ எண்டு சொல்லலாம்.